எடைக்குப் போன கும்பா



வானொலியிலே ஒரு பாத்திரத்தைப் பற்றிப் பேசப் புகுவது விசித்திரமான காரியந்தான். பாத்திரம் கண்ணுக்கும் கைக்கும் உரிய பொருள். வானொலியோ செவி ஒன்றையே நம்பி வாழ்வது. ஆயினும் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பாத்திரத்துக்குக் குரல் உண்டு. விரலை மடக்கி அதன் விளிம்பிலே மெல்லத் தட்டினால், கோயில் மணியின் தங்கை பேசுவதுபோல ஒரு நாதம் எழும். அந்த நாதம் அடங்குமுன் ஒருவர் மூச்சை உள்ளிழுத்து வெளியே விட்டுவிடலாம். வெண்கலம் வாங்கப் போகிறவர் முதலில் தட்டிப் பார்ப்பது இதற்காகவே. மயிரிழை போல ஒரு விரிசல் இருந்தாலும் குரல் கம்மிப் போகும். கண்ணை ஏமாற்றிவிடலாம், காதை ஏமாற்றுவது கடினம்.

அந்தப் பாத்திரம் எங்கள் வீட்டுக் கும்பா. வீடு என்று சொல்லிவிட்டேன். லயத்திலே ஒரு காம்பரா என்பதே பொருந்தும். பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வீதியில், நமுனுகுல மலையைப் பார்த்தபடி இருக்கும் தோட்டம் ஒன்றிலே நான் பிறந்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று அளந்து கட்டிய காம்பரா. அதற்குள்ளேதான் அடுப்பு, படுக்கை, சாமிப்படம், மழைக்காலத்தில் கோழி. அந்த இடத்திலே அழகுக்கென்று ஒரு பொருளை வைக்க இடமும் இல்லை, வழியும் இல்லை. ஆனால் சுவரிலே அடித்த பலகையின்மேல், சாமிப்படத்துக்குப் பக்கத்தில், அந்தக் கும்பா மட்டும் வீற்றிருக்கும்.

அதன் உருவத்தைச் சொல்கிறேன். நேயர்கள் மனத்திலே வார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றரைச் சாண் அகலமுள்ள வாய். வாயிலிருந்து கீழே இறங்க இறங்க உடல் உருண்டு, பின்னர் உடுக்கையின் இடைபோலச் சுருங்கி, மறுபடியும் விரிந்து பீடமாக நிற்கும். பீடத்தைச் சுற்றி எட்டுத் தாமரை இதழ்கள். விளிம்பின் இரு பக்கங்களிலும் இரண்டு கிளிகள். ஒவ்வொன்றும் விளிம்பை அலகாற் கவ்விக்கொண்டு, வாலைக் கும்பாவின் வயிற்றோடு ஒட்டவைத்து, முதுகை வெளியே வளைத்து நிற்கும். சிறுவனாக இருந்தபோது அந்தக் கிளிகள் அழகுக்காக அமர்ந்திருப்பவை என்றே நினைத்தேன். கொதிக்கும் பாயசம் நிறைந்த கும்பாவை ஒருநாள் தூக்கும்படி நேர்ந்தபோதுதான் உண்மை விளங்கியது. கும்பாவின் உடலைத் தொடமுடியாது, சுட்டுவிடும். கிளிகளின் முதுகு மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. நான்கு விரல்கள் அந்த வளைவுக்குள்ளே தாமாகவே போய்ப் பொருந்திக்கொண்டன. கிளியைச் செய்த கன்னான் என் கையை நினைத்துக்கொண்டே அதைச் செய்திருக்கிறான்.

இதை எங்கள் அப்பாயியின் தகப்பனார் திருச்சிராப்பள்ளியில் வாங்கிக் கொடுத்தார் என்று கேள்வி. பீடத்தின் அடிப்புறத்திலே புள்ளி புள்ளியாக அவருடைய பெயரின் முதல் எழுத்துக்களும் அப்பாயியின் பெயரும் வெட்டியிருந்தன. பாத்திரக் கடையிலேயே சிற்றுளி கொண்டு பெயர் வெட்டிக் கொடுக்கும் வழக்கம் நேயர்கள் அறிந்ததே. கடல் கடந்து, தலைமன்னாரில் இறங்கி, இரயிலேறிப் பதுளைக்கு வந்த பாத்திரம் அது. பதுளைவரை இரயில் பாதை திறந்தது 1924 ஆம் ஆண்டிலே. அதற்கு முன்னே வந்தவர்களின் பாத்திரங்கள் தலையிலும் மாட்டு வண்டியிலுமே மலையேறின.

கும்பா எங்களுடையது என்றாலும் அது இருபது காம்பராவுக்கும் பொதுவாகவே உழைத்தது. கலியாணம், காதுகுத்து, பூப்புச் சடங்கு, தீபாவளி என்றால் யாராவது வாசலிலே வந்து நிற்பார்கள். "பெரியாயி, கும்பாவக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்பார்கள். அப்பாயி கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுப்பார். இரண்டு விதிகள் மட்டும் உண்டு. புளிக்குழம்பை அதிலே வார்க்கக்கூடாது. இனிப்பும் சோறும் சந்தனமுமே அதற்கு உரியவை. திருப்பிக் கொடுக்கும்போது புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி, உள்ளே ஒரு பிடி அரிசியாவது ஒரு துண்டு கருப்பட்டியாவது வைத்துத் தரவேண்டும். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருவது ஆகாது.

நேயர்களே, இக்காலத்திலே பெரிய நகரங்களின் கடைகளிலும் கண்காட்சிகளிலும் பரிமாறும் கிண்ணங்களைச் சிற்பங்களாகச் செய்து வைக்கிறார்கள். கிண்ணம் மேசையின் நடுவிலே நிற்கவேண்டும். பழம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பார்ப்பவர் கண்ணை இழுக்கவேண்டும் என்பது கருத்து. இந்தப் போக்குக்கு வடக்கு ஐரோப்பிய நாடுகளிலே, இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், ஒரு வலுவான காலம் இருந்தது. பின்லாந்து நாட்டுக் கலைஞர் டாபியோ விர்க்கலா 1951 ஆம் ஆண்டளவில் ஓர் இலைத் தட்டைச் செய்தார். மெல்லிய மரத் தகடுகளை அடுக்கி ஒட்டி ஒரே கட்டையாக்கி, அதைக் குடைந்து இலை வடிவாக்கினார். குடையக் குடைய அடுக்குகளின் ஓரங்கள் வரிவரியாக வெளிப்பட்டன. அவையே இலையின் நரம்புகளாயின. நரம்பை வரைந்தவர் எவருமில்லை. பொருளின் உள்ளிருந்தே அது வந்தது. அமெரிக்கச் சஞ்சிகை ஒன்று அந்த ஆண்டின் மிக அழகிய பொருள் என்று அதைத் தேர்ந்தெடுத்தது. டென்மார்க்கிலே சிற்பக் கலை பயின்ற ஹென்னிங் கோப்பெல் என்பவர், ஜோர்ஜ் ஜென்சன் வெள்ளிப் பட்டறைக்காக 1954 இல் மூடியோடு கூடிய மீன் தட்டு ஒன்றை வடித்தார். முழு மீன் ஒன்றைக் கிடத்திப் பரிமாறுவதற்கான தட்டு அது. அதன் மூடியைப் பார்த்தால் ஏதோ கடல்வாழ் உயிர் நீரிலிருந்து முதுகு காட்டுவதுபோலத் தோன்றும்.

இவையெல்லாம் மெச்சத்தக்கவை. ஆயினும் இந்த வழியிலே வழுக்கி விழுந்தவர்களும் உண்டு. பிரான்சு நாட்டுப் பிலிப் ஸ்டார்க் 1990 இல் எலுமிச்சை பிழியும் கருவி ஒன்றை வடிவமைத்தார். மூன்று நெடிய கால்களோடு சிலந்தி போல நிற்கும். உலகெங்கும் புகழ்பெற்ற அந்தக் கருவி எலுமிச்சையைப் பிழிவதில் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் உடையதன்று என்பதும் அதே அளவுக்குப் புகழ்பெற்ற செய்தி. எங்கள் அப்பாயியிடம் அதைக் கொடுத்திருந்தால், இரண்டு நாள் பார்த்துவிட்டு மிளகாய் உலர்த்தும் கயிற்றைக் கட்டுவதற்கு வைத்துக்கொண்டிருப்பார்.

நம் பக்கத்துப் பாத்திரங்களைப் பற்றி மேனாட்டார் சொன்னவற்றிலே என் மனத்தைத் தொட்டது ஒன்று உண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ள்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியரை இந்திய அரசாங்கம் அழைத்து, நாட்டைச் சுற்றிப் பார்த்து அறிக்கை தரும்படி கேட்டது. 1958 ஆம் ஆண்டிலே அவர்கள் அறிக்கை தந்தார்கள். அதன் பயனாகவே 1961 இல் அகமதாபாத்திலே தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. தாம் கண்ட பொருள்களிலே தம்மை மிகவும் கவர்ந்தது என்று அவர்கள் சுட்டியது அரண்மனைப் பொருளையன்று, லோட்டாவை. லோட்டா என்பது நம் வீட்டுச் செம்பு. ஒருவர் புதிதாகச் செம்பு ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தால் எவற்றையெல்லாம் எண்ணவேண்டும் என்று அவர்கள் அடுக்கிச் செல்கிறார்கள். எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், தூக்குபவர் கை எத்தகையது, இடுப்பிலா, தலையிலா, கையிலா சுமப்பது, நிறைந்தபோதும் குறைந்தபோதும் நிலை எப்படி, சரிக்கும்போது நீர் எவ்வாறு வழியும், துலக்குவது எளிதா, வெயிலிலே தொட்டால் எப்படியிருக்கும். இவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள். இன்னொரு பாத்திரத்தோடு மோதும்போதும் தரையிலே வைக்கும்போதும் அது எழுப்பும் ஓசை என்ன என்பது ஒன்று. பழசாகி உடைந்தபின் அந்த உலோகத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்பது மற்றொன்று.

அந்தக் கடைசிக் கேள்வியை எண்ணினவர்கள் ஏழைகளின் வீட்டைக் கண்டவர்கள் என்றே நான் கருதுகிறேன். அதற்கு மீண்டும் வருவேன்.

பயன் வேறு, அழகு வேறு என்ற பிரிவினை நம் முன்னோரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. தாமிரபரணிக் கரையிலே ஆதிச்சநல்லூர் என்ற இடத்தை நேயர்கள் அறிவர். 1876 இல் ஜாகோர் என்ற ஜேர்மானியரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயாவும் அங்கே அகழ்ந்தார்கள். தாழிகளோடு கிடைத்த வெண்கலக் கலங்களின் மூடிகளிலே எருமைகளும் பறவைகளும் நிற்கின்றன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலே அவற்றைக் காணலாம். அந்த எருமையைப் பிடித்தே மூடியைத் தூக்கியிருப்பார்கள் என்று எண்ணும்போது எங்கள் கிளிகள் நினைவுக்கு வருகின்றன. நீலகிரி மலையின் கல்வட்டங்களிலிருந்தும் மெல்லிய வெண்கலக் கிண்ணங்கள் வெளிவந்தன. இந்தப் பழைய கிண்ணங்கள் சிலவற்றை ஆராய்ந்தவர்கள், செம்போடு நூற்றுக்கு 22, 23 பங்கு வெள்ளீயம் கலந்திருப்பதைக் கண்டார்கள். அவ்வளவு ஈயம் சேர்ந்த வெண்கலம் சாதாரணமாகக் கண்ணாடிபோல நொறுங்கிவிடும். செந்தணலாகக் காய்ச்சி, அந்தச் சூட்டிலேயே தட்டி மெலிதாக்கி, உடனே நீரில் தோய்த்தால்தான் அது உறுதி பெறும். பொன்னிறமும் அந்த மணிக்குரலும் அந்தக் கலவையின் கொடை. எத்தனை கிண்ணங்கள் நொறுங்கிய பின்னர் அந்த இரகசியம் கைவந்ததோ!

இலங்கையிலே இத்தகைய பொருள்களுக்காக வாதாடிய பெரியார் ஒரு தமிழர் என்பது நமக்குப் பெருமை. 1877 இல் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராக இருந்தார். கல்லைத் தேடிக் கண்டி நாட்டு ஊர்களிலே அலைந்தவர் கன்னானையும் குயவனையும் அரக்கு வேலைக்காரனையும் கண்டார். அவர்களுடைய வேலையை ஆராய்ந்து எழுதிய நூல் 1908 இல் வெளிவந்தது. நூதனசாலையிலே கண்ணாடிக்குள் இருக்கும் பொருள்களெல்லாம் ஒருகாலத்திலே யாரோ ஒருவர் பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்டவையே என்பதைப் பிற்காலத்திலும் அவர் ஓயாமல் வலியுறுத்தி வந்தார்.

அவர் அழிந்துபோகிறதே என்று வருந்திய அந்தக் கைத்தொழில் உலகத்திலே ஊவாவும் ஒரு பகுதி. ஆனால் ஊவா அதற்கு முன்னரே பெருந்தீயில் வெந்தது. 1818 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது ஊர்களையும் வயல்களையும் கால்நடைகளையும் அழித்தனர். ஊர் எரியும்போது பட்டறை மட்டும் எரியாமல் நிற்குமா? அதன் பின்னர் கோப்பி வந்தது. கோப்பி நோயிலே மடிந்தபின் தேயிலை வந்தது. அதற்காகத் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சை, இராமநாதபுரம், சேலம் ஆகிய சீமைகளிலிருந்து நம்மவர் வந்தனர். உலோகத்தை வார்க்கத் தெரிந்தவர்களாக அவர்களை எவரும் அழைத்து வரவில்லை. கொழுந்து பறிக்கும் விரல்களே தேவைப்பட்டன. ஆகவே பாத்திரம் எங்களோடு வந்தது. பாத்திரம் செய்யும் பட்டறை வரவில்லை. வந்த பாத்திரம் போனால் போனதுதான்.

தோட்டத்திலே வளர்ந்தவர்களுக்குத் தராசைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. காலையிலே பெரட்டு, பின்னர் மலை, பின்னர் கொழுந்து நிறுத்தல். கூடையைத் தராசிலே மாட்டி, இத்தனை இறாத்தல் என்று கணக்கப்பிள்ளை கூவுவார். ஈரக் கொழுந்து என்று கொஞ்சம் கழிப்பார்; கூடைக்கென்று கொஞ்சம் கழிப்பார். ஒரு பெண் அன்றைக்கு எப்படி உழைத்தாள், அட்டைக் கடியோடு எந்தச் சரிவிலே நின்றாள் என்பதையெல்லாம் அந்த முள் கேட்பதில்லை. எங்கள் உலகத்தில் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லியது அந்த முள்தான்.

(இதற்கு ஒரு விலக்கு உண்டு. தேயிலைத் தொழிற்சாலையிலே சுவை பார்க்கும் அறை ஒன்று இருக்கும். நீண்ட மேசையிலே வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். சாயத்தின் நிறம் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே அந்த வெண்மை. ஆடி ஆவணியில் கச்சான் காற்று வறண்டு வீசும்போது ஊவாத் தேயிலைக்கு ஏறும் தனி மணத்தை அந்தக் கிண்ணங்களிலேதான் கண்டு சொல்வார்கள். அலங்காரம் துளியும் இல்லாத கிண்ணம். ஆனால் தன் வேலைக்கு அதைவிடச் சிறந்த உருவம் இல்லை. அங்கே மட்டும் நிறைக்கன்று, குணத்துக்கே மதிப்பு. பறித்தவர்கள் அந்த அறைக்குள் போனதில்லை.)

1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டை என் வயதினர் மறக்கமாட்டார்கள். அரிசியும் மாவும் அருகின. பாணுக்கு வரிசையில் நின்றோம். மரவள்ளிக் கிழங்கே பல வீடுகளுக்கு மூன்று வேளை உணவாயிற்று. தோட்டங்களிலே பட்டினியால் மாண்டவர்களும் உண்டு. அந்த நாள்களிலே ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் பாத்திரங்கள் இறங்கத் தொடங்கின. முதலில் அண்டா, பிறகு குத்துவிளக்கு, பிறகு தாம்பாளம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாயி கும்பாவைத் துலக்கினார். கலியாணத்துக்குத் துலக்குவதுபோலவே, இதழ் இதழாக, கிளியின் கண்வரை துலக்கினார். பழைய சேலைத் துண்டிலே சுற்றி, என் கையைப் பிடித்துக்கொண்டு பதுளைக் கடைத்தெருவுக்கு நடந்தார். எனக்கு அப்போது எட்டு வயது. பழைய செம்பு பித்தளை வாங்கும் கடை ஒன்று; பெயர் வேண்டாம். எங்களுக்கு முன்னே நாலைந்து பேர், எல்லார் கையிலும் துணி மூட்டை.

கடைக்காரர் துணியை விலக்கினார். "ஆச்சி, வெண்கலமா, பித்தளையா?" என்று கேட்டார். அப்பாயி ஒன்றும் சொல்லாமல் விரலை மடக்கி விளிம்பிலே தட்டினார். கடை முழுதும் அந்த நாதம் நிறைந்தது. முன்னே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் தலையசைத்தார், "நல்ல சாமான்தான்" என்றார். பின்பு அதைத் தராசிலே வைத்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உலோகத்துக்கு அன்றைய விலை என்னவோ அதைத்தான் கொடுத்தார். கிளிக்கென்று ஒரு சதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தராசுக்குத் தெரிந்தது அவ்வளவே. ஈம்ஸ் தம்பதியர் கேட்ட கடைசிக் கேள்விக்கு விடை அந்தக் கடையிலே கிடைத்தது. கொஞ்சம் அரிசியும், கிழங்கும், தங்கைக்கு ஒரு பால்மா டின்னும் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அந்தக் கும்பா எங்களைப் பத்து நாள் காப்பாற்றியது. அலங்காரப் பொருள் ஏழைக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மறுமொழி இது: வங்கியிலே கணக்கு இல்லாதவர்களுக்கு அந்தப் பலகையே வங்கி. ஆனால் அப்பாயி வழியிலே ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "வெறுமனே குடுத்துட்டு வந்துட்டேனே" என்றார்.

பட்டினி தீர்ந்த பின்னரும் பாத்திரங்கள் போய்க்கொண்டிருந்தன. 1964 ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் புறப்பட்ட குடும்பங்கள், சுமக்க முடிந்ததைச் சுமந்து, முடியாததை விற்றுச் சென்றன. எங்கள் லயத்திலிருந்து போனவர்களிலே சிலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலே குடியேறினார்கள். வெண்கலக் கிண்ணங்கள் புதைந்து கிடந்த அதே மலையிலே. இங்கே எஞ்சியவர்களிடம் அலுமினியக்காரர் வந்தார். பின்னே சில்வர்காரர் வந்தார். பழையதைக் கொடுத்தால் புதியது. இலேசானது, துருப்பிடிக்காதது, ஈயம் பூசவேண்டாதது, சாம்பல் தேடவேண்டாதது. மலையிலிருந்து இருட்டிய பின்னர் வீடு திரும்பும் பெண்ணுக்கு இவை எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் மறுக்கவில்லை. எங்கள் அம்மா சில்வர் வாளியை மிகவும் விரும்பினார். பழமையைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் பாத்திரம் துலக்காதவர்கள்.

இன்று நிலைமை வேறு விதமாகத் திரும்பியிருக்கிறது. சிற்பம் போன்ற கிண்ணங்களுக்குச் சந்தை உண்டு. கண்டிக்கு அருகே நத்தரம்பொத்தையிலே பித்தளைத் தொழிலாளரின் கலாபுரக் கிராமம் இருக்கிறது. அங்கே கைவேலை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஊவாவிலோ எல்ல, அப்புத்தளைப் பக்கங்களுக்கு உலகமெல்லாமிருந்து பயணிகள் வருகிறார்கள். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கிறார்கள். போகும்போது எதையேனும் வாங்கிச் செல்லவேண்டும் என்று தேடுகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளோ கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடிப் போகிறார்கள். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஓர் எண்ணம் தோன்றுகிறது.

பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு வீ.பி. தேயிலையை நடுகிறார்கள். பிடுங்கிய கட்டை பெரும்பாலும் விறகாகப் போகிறது. அந்தக் கட்டையை நேயர்கள் உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு முடிச்சாக, வெட்டிய இடத்திலிருந்து புதுக்கிளை விட்டு, முறுக்கேறி நிற்கும் கட்டை அது. நூறு ஆண்டு வாழ்ந்த செடியானால் முப்பது கவ்வாத்துக் கத்திகளின் கணக்கு அதிலே இருக்கும். மரம் கெட்டியானது, இழை நெருக்கமானது. விர்க்கலா தகடுகளை ஒட்டித் தேடிய வரிகளை இங்கே கவ்வாத்துக்காரனின் கத்தியே எழுதி வைத்திருக்கிறது. பெரிய கட்டையைக் குடைந்தால் ஒரு கிண்ணம் கிடைக்கும். முடிச்சுக்களே அதற்குப் பிடியாகும்.

ஆனால் இதை எவரேனும் தொடங்கினால் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். கூடை சுமந்த பெண்ணின் பொம்மையை அதன்மேல் செதுக்கி வைக்காதீர்கள். அது வேண்டிய அளவு வந்துவிட்டது. கிண்ணம் முதலிலே சோறு பரிமாறட்டும். நிறைந்திருக்கும்போது தூக்க முடியவேண்டும், கழுவும்போது விரல் எட்டாத மூலை இருக்கக்கூடாது, ஆடாமல் நிற்கவேண்டும். இவை அமைந்தபின் அழகு வேண்டுமானால், கிளியைப்போல, ஏதாவது ஒரு வேலையைத் தாங்கிக்கொண்டு வரட்டும். இன்னொன்று: செய்தவன் பெயரை அடியிலே வெட்டவேண்டும். எங்கள் கும்பாவிலே வாங்கியவர் பெயர் இருந்தது. பெற்றவர் பெயர் இருந்தது. செய்தவன் பெயர் இல்லை. மேனாட்டுக் கிண்ணம் உருவத்துக்கு விலைபோகிறது, நம்முடையது எடைக்கு விலைபோகிறது என்றால், அதற்குக் காரணங்களிலே இதுவும் ஒன்று. பெயரில்லாத பொருளைத் தராசு எளிதாக விழுங்கிவிடும்.

சென்ற ஆண்டு ஒரு நாள், உறவினர் ஒருவரோடு எல்லப் பக்கத்திலே ஓர் உல்லாச விடுதிக்குப் போக நேர்ந்தது. வரவேற்பு மண்டபத்திலே ஒரு மேசை. அதன்மேல் ஒரு வெண்கலக் கும்பா. உள்ளே மெழுகினால் செய்த பழங்கள். பக்கத்திலே போய்ப் பார்த்தேன். கிளிகள் இல்லை, மீன்கள் இருந்தன. பீடத்திலே எட்டு இதழுக்குப் பதிலாகப் பன்னிரண்டு. எங்களுடையதன்று. ஆயினும் கை சும்மா இருக்கவில்லை. பழங்களை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் பாத்திரத்தைச் சரித்து அடிப்புறத்தைப் பார்த்தேன். புள்ளி எழுத்து. "மு. கா." என்று இருந்தது, கீழே 1958. அதற்கும் கீழே ஒரு பெண்ணின் பெயர், பாதி தேய்ந்து.

"சேர், அதத் தொடக்கூடாது. சும்மா பார்வைக்கு வச்சது" என்று ஒரு குரல். பணியாளனாக நின்ற இளைஞன். பேச்சிலேயே ஊர் தெரிந்தது. எந்தத் தோட்டம் என்று கேட்டேன். ஹாலி-எலக்கு மேலே ஒரு தோட்டத்தைச் சொன்னான். இது என்ன பாத்திரம் என்று தெரியுமா தம்பி என்றேன்.

"கும்பா தானே சேர். எங்க அப்பாயிகிட்டயும் ஒன்னு இருந்திச்சாம். நான் பாத்ததில்ல."

"தட்டிப் பார்த்திருக்கிறாயா?"

அவன் முகாமையாளரின் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு விரலை மடக்கி மெல்லத் தட்டினான். சன்னலோரம் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வெள்ளைக்காரத் தம்பதி தலை நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் நாதம் அடங்கும்வரை விரலை எடுக்காமலே குனிந்து நின்றான். பின்னர் மூன்று மாம்பழம், ஓர் ஆப்பிள், ஒரு கொத்துத் திராட்சை என்று ஒவ்வொன்றாக எடுத்து, முன்பு இருந்தபடியே உள்ளே வைத்தான்.